ஒன் சைடு பேப்பரும் ஒரு லாந்தரும்

தன்னைப் பற்றி ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தரச் சொன்னால், எப்பேர்ப்பட்ட யோக்கியரும் மூன்றாவது வரியில் புளுக ஆரம்பித்துவிடுவார். நான் இரண்டாவது வரியிலேயே ஆரம்பித்தேன். எனக்கு எதிலும் கொஞ்சம் அவசரம்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பெங்களூரில், ஆடுகோடிப் பக்கம் ஒரு டிகிரி கல்லூரியில் ஆங்கில விரிவுரையாளர். முழு விரிவுரையாளர் என்று சொல்ல முடியாது, இரண்டு வருஷ புரொபேஷன். அது முடிய ஒரு மாதம் பாக்கி இருந்தது. முடிந்ததும் நிரந்தரம் செய்தால் உண்டு. இல்லாவிட்டால் முன்பு வேலை பார்த்த இடத்துக்கே, அதாவது செல்போன் கடை மாடியில் முப்பதே நாளில் சரளமான ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் சென்டருக்கே திரும்பிப் போக வேண்டியதுதான். (முப்பத்தோராவது நாள் எல்லோரும் சரளமாகத்தான் பேசினார்கள். என்னைத் திட்டி, கன்னடத்தில்.)

இதைவிடப் பெரிய சிக்கல் அப்பா. நான் வேலையில் சேர்ந்த அன்றே அவர் நாங்கள் குடியிருக்கும் மர்பி டவுன் முழுக்க, பால் பூத்திலிருந்து ரேஷன் கடை வரிசை வரை, "எம் பொண்ணு காலேஜ்ல பர்மனென்ட்" என்று சொல்லிவிட்டார். புரொபேஷன் என்று ஒன்று இருப்பது எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டார். ஆக, எனக்கு வேலை போனால் அப்பா இன்னொரு பூத் தேடிப் போய்த்தான் பால் வாங்க வேண்டியிருக்கும்.

நான் நிரந்தரமாவதற்கு இரண்டு காரியம் நடந்தாக வேண்டும். ஒன்று, நான் ஏன் இந்தக் கல்லூரிக்குத் தகுதியானவள் என்று ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி, நிர்வாகக் குழுவுக்காக ஐந்து பிரதி தர வேண்டும். இரண்டு, பிரின்சிபால் என் வகுப்பு ஒன்றில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார்.

பிரின்சிபாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கன்னடக்காரர், இயற்பியல் ஆசிரியராக இருந்து அந்த நாற்காலிக்கு வந்தவர், ஒல்லி, அதிர்ந்து பேச மாட்டார். அவர் உயிரை வைத்திருந்தது காகிதத்தின் மேல். எங்கள் கல்லூரியில் ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த தாள் எதையும் குப்பையில் போடக் கூடாது. ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் ஒரு நீலத் தட்டு இருந்தது. அதற்குப் பெயர் ஒன் சைடு தட்டு. பழைய பக்கத்தின் மேல் பேனாவால் பெரிதாகக் குறுக்குக் கோடு கிழித்து அதில் வைத்துவிட வேண்டும். வகுப்பில் கொடுக்கும் பிரதியெல்லாம் அந்தத் தாள்களின் பின்பக்கத்தில்தான் எடுக்க வேண்டும். எனக்கு வந்த நியமன உத்தரவைத் திருப்பிப் பார்த்தால், போன வருஷத்து வேதியியல் கேள்வித்தாள் இருந்தது. அப்பா அதை ஃபிரேம் போட்டு மாட்டியபோது எந்தப் பக்கம் வெளியே தெரிய வேண்டும் என்று கடைக்காரர் இரண்டு தடவை கேட்டாராம்.

அந்த ஒரு பக்கத்தை எழுத எனக்கு நான்கு நாள் ஆனது. முதல் வரியில் என் படிப்பு. அது உண்மை. இரண்டாவது வரி, "கற்பித்தல் எனக்கு வேலை அல்ல, மூச்சு." அதற்கப்புறம் தடையே இல்லை. நான் வந்தபின் பேச்சுப் போட்டியில் மாணவர் பங்கேற்பு இருமடங்காகிவிட்டது என்று எழுதினேன். (ஒருவர் இருவரானார். அந்த இரண்டாவது ஆளும் மழைக்கு ஒதுங்க வந்தவர்.) தினமும் விடியுமுன் எழுந்து இரண்டு பஸ் மாறி வருகிறேன் என்று எழுதினேன். புகழில் எனக்கு நாட்டமில்லை என்று எழுதினேன். அது நன்றாக வந்ததால் கீழே இன்னும் இரண்டு இடத்தில் எழுதினேன்.

இவ்வளவு எழுதியும் படிக்கிறவர் கண்ணில் தண்ணீர் வருமா என்று சந்தேகமாக இருந்தது. அங்கேதான் தாத்தாவைக் கூப்பிட்டேன்.

எங்கள் குடும்பம் கோலார் தங்கவயலிலிருந்து வந்தது. பெங்களூரில் தங்கவயல் தமிழர்கள் யாரைக் கேட்டாலும், "எங்க தாத்தா சுரங்கத்துல இருந்தாரு" என்பார்கள். அதைச் சொன்னவுடன் கேட்கிறவர் முகத்தில் ஒரு மரியாதை வரும். எங்கள் தாத்தாவும் சுரங்கத்தில்தான் இருந்தார். ஆனால் மேலே. லேம்ப் ரூமில். இறங்கப் போகிறவர்களுக்குத் தலையில் மாட்டும் பேட்டரி விளக்கை எடுத்துக் கொடுப்பதும், ஏறி வந்தவர்களிடம் திரும்ப வாங்கி வைப்பதும் முப்பது வருஷம் அவர் செய்த வேலை. ஒருநாள்கூட உள்ளே இறங்கியதில்லை. பயம். பிற்காலத்தில் பெங்களூருக்கு வந்தபோது ஆஸ்பத்திரி லிஃப்டில் ஏற மறுத்து, எக்ஸ்ரே எடுக்க நான்கு மாடி நடந்தவர். எக்ஸ்ரே முழங்காலுக்கு.

லேம்ப் ரூம் என்று எழுதினால் யார் அழுவார்கள்? நான் எழுதினேன்: "என் தாத்தா கையில் ஒரு லாந்தருடன் தங்கவயல் சுரங்கத்தின் பத்தாயிரம் அடி ஆழத்தில் இருளுக்குள் இறங்கியவர். அந்த லாந்தரைத்தான் இன்று நான் வகுப்பறையில் ஏந்தி நிற்கிறேன்." எழுதி முடித்துவிட்டு நானே அழுதேன்.

ஐந்து பிரதி எடுத்துக் கொண்டுபோனேன். எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடைக்க எழுத்தைப் பொடியாக்கியிருந்தேன். ஆபீஸ் சூப்பரிண்டெண்ட், "இது எறும்பு வரிசை மேடம், பெருசாக்கி எடுத்துட்டு வாங்க" என்று திருப்பித் தந்துவிட்டார். சில வரிகளை வெட்டி, (லாந்தரை வெட்டவில்லை, அதை வெட்டுவேனா) பெரிய எழுத்தில் வேறு ஐந்து பிரதி கொடுத்தேன். பழைய ஐந்தையும் விதிப்படி ஒன் சைடு தட்டில் வைத்தேன்.

விதிப்படி குறுக்குக் கோடு கிழித்தேனா என்றால், இல்லை. பேனாவை எடுத்தேன். மூச்சு, இருள், லாந்தர் என்று அழகாக அச்சாகி இருந்தது. அதன் மேல் கோடு கிழிக்கக் கை வரவில்லை. அப்படியே வைத்துவிட்டு வந்தேன். தாளில் பெயர் கிடையாது. பெயர் எல்லாம் தனி படிவத்தில். ஆகையால் ஆபத்தில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குப் பிரின்சிபால் பார்க்கப்போகும் வகுப்பு. பி.காம் இரண்டாம் வருஷம், முப்பது பேர். ஒரு கட்டுரை படிக்கிறவரை எப்படி மடக்குகிறது என்பது பாடம். அதற்குக் கிரேக்கப் பெயர்கள் மூன்று உண்டு. போன வருஷத்துப் பிள்ளைகள் அவற்றை ஏதோ மாத்திரையின் பெயர்கள் மாதிரி பரீட்சையில் எழுதிவைத்ததால், நான் ஆள், அழுகை, ஆதாரம் என்று மாற்றிக்கொண்டிருந்தேன். சொல்கிறவர் பெரிய ஆள் என்று காட்டி நம்பவைக்கிறாரா, அழவைத்து நம்பவைக்கிறாரா, ஆதாரம் காட்டி நம்பவைக்கிறாரா என்று பார்க்க வேண்டும். கன்னடப் பிள்ளைகளுக்கும் இது கஷ்டமாக இல்லை. அவர்கள் மொழியில் ஆளு, அளு, ஆதாரா. இதைக் கண்டுபிடித்ததற்காக என்னை நானே பல நாள் மெச்சிக்கொண்டிருந்தேன்.

முப்பது பேரையும் ஐந்து குழுவாகப் பிரித்தேன். குழுவுக்கு ஒரு தாள். கல்லூரிக்குள் செல்போன் கூடாது என்று வாதாடும் ஒரு சோப்ளாங்கிக் கட்டுரையை எடுத்திருந்தேன். காலையில் அட்டெண்டர் அதை ஐந்து பிரதி எடுத்து மேசையில் வைத்திருந்தார். எந்தத் தட்டிலிருந்து தாள் எடுத்தார் என்று இதைப் படிக்கிறவர்கள் கண்டுபிடித்திருப்பார்கள். நான் கண்டுபிடிக்கவில்லை. மேலே இருந்ததைப் பார்த்தேன், செல்போன் தெரிந்தது, விநியோகித்தேன்.

பிரின்சிபால் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படிவத்தைத் திறந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவருக்குக் கேட்கும்படி சொன்னேன்.

"எழுதினவங்க பெரியவங்க, பாவம், அப்படியெல்லாம் இரக்கம் பார்க்கக் கூடாது. அவங்க நேர்ல வந்து நின்னாலும் சொல்றதைச் சொல்லணும். பொய் இருந்தா பொய்னு சொல்லுங்க. பதினஞ்சு நிமிஷம்."

(வகுப்பு ஆங்கிலத்தில்தான் நடந்தது. கோபம் வந்தால் கன்னடம், உணர்ச்சி வந்தால் அவரவர் வீட்டு மொழி. உங்கள் வசதிக்கு எல்லாவற்றையும் தமிழில் தருகிறேன்.)

பிள்ளைகள் தலையை ஒட்டிவைத்துப் பேசினார்கள். மூன்றாவது குழுவில் அடக்கமாட்டாத சிரிப்பு கேட்டது. செல்போன் கட்டுரையில் சிரிக்க என்ன இருக்கிறது என்று புரியவில்லை. ஆனாலும் ஈடுபாடு தெரிகிறதே, பிரின்சிபால் குறித்துக்கொள்ளட்டும் என்று மகிழ்ந்தேன்.

முதல் குழு எழுந்து செல்போனைப் பற்றி ஒழுங்காகச் சொன்னது. இரண்டாவது குழுவும் அப்படியே. மூன்றாவது குழுவுக்குத் தலைவி நயனா. கணக்கில் புலி, வாயில் அதைவிடப் புலி. எழுந்து நின்று தாளை விரித்துப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், இந்த எழுத்தாளர் முதல்ல ஆள் காட்டறாங்க. கற்பித்தல் எனக்கு வேலை இல்ல, மூச்சுங்கறாங்க."

செல்போன் கட்டுரையில் கற்பித்தல் எங்கே வந்தது என்று யோசித்தேன். அந்த வரியை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்றும் தோன்றியது.

"எங்க குழுவோட கருத்து என்னன்னா, மூச்சுன்னா அதை யாரும் பர்மனென்ட் பண்ண வேண்டாம். அது பாட்டுக்குப் போகும். இவங்க கடைசி வரியில பர்மனென்ட் பண்ணுங்கன்னு கேக்கறாங்க. அப்ப அது வேலைதான்."

வகுப்பு சிரித்தது. மேசையில் மிஞ்சிக் கிடந்த மூலப் பிரதியைத் திருப்பிப் பார்த்தேன். அதன் பின்பக்கம் வெற்றாக இருந்தது. முதல் பெஞ்சு குழுவின் தாளை மெல்ல இழுத்துத் திருப்பினேன். எறும்பு வரிசை தெரிந்தது.

பாதி வகுப்பில் தீ பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்கு ஒத்திகை நடத்தியிருக்கிறார்கள். இதற்கு நடத்தவில்லை.

"நயனா, நேரம் ஆயிடுச்சும்மா. அடுத்த குழு வரட்டும்" என்றேன்.

"மேடம், இன்னும் ஆதாரமே வரல."

"அது பரவாயில்ல."

கடைசி பெஞ்சிலிருந்து பிரின்சிபால் தலையைத் தூக்கினார். "இர்லி பிடி மேடம், முகிஸ்லி. இருக்கட்டும் விடுங்க, முடிக்கட்டும், நல்லா இருக்கு" என்றார். பக்கத்துக் குழுவிடமிருந்து ஒரு தாளை வாங்கி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அவர் ஒரு பக்கம் பார்த்தார். திருப்பி மறுபக்கம் பார்த்தார். பிறகு வெகுநேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

என் பெரிய எழுத்துப் பிரதி இரண்டு நாளாக அவர் மேசையில்தான் இருந்தது.

நயனா தொடர்ந்தாள். "ஆதாரம்னு இவங்க குடுக்கறது ஒண்ணே ஒண்ணு. பேச்சுப் போட்டியில பங்கேற்பு இருமடங்கு. எத்தனையிலிருந்து எத்தனைன்னு இல்ல. ஒருத்தர் ரெண்டு பேர் ஆனாக்கூட இருமடங்குதான் மேடம்."

"அவ்வளவு கம்மியா இருக்காதும்மா" என்றேன். என் குரல் எனக்கே எங்கோ தூரத்தில் கேட்டது.

"இருக்கலாம் மேடம். அதிகமா இருந்தா நம்பரைப் போட்டிருப்பாங்க. அப்புறம், புகழ்ல நாட்டமில்லைன்னு மூணு தடவை சொல்றாங்க. ஒரு தடவை சொல்லியிருந்தா நம்பியிருப்போம். மிச்சத்தை ஸ்டீபன் சொல்வான். அழுகை டிபார்ட்மெண்ட் அவனோடது."

ஸ்டீபன் எழுந்தான். அந்த வகுப்பிலேயே வாய் பேசாத பையன். தினமும் தங்கவயலிலிருந்து ரயிலில் வந்து போகிறவன். இரண்டு வருஷத்தில் அவன் வகுப்பில் சொன்னது மொத்தம் 'எஸ் மேடம்' மட்டும்தான், அதுவும் அட்டெண்டன்ஸுக்கு. மெதுவாக ஆரம்பித்தான்.

"இவங்க விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு ரெண்டு பஸ் மாறி வராங்களாம். அதைப் படிச்சதும் எனக்கு அழுகை வரல மேடம். நான் மாரிக்குப்பத்துல ரயில் ஏறி, இறங்கி, அப்புறம் ரெண்டு பஸ். எனக்கு இவங்க மேல கொஞ்சம் பொறாமையா இருந்துச்சு."

மறுபடி சிரிப்பு. பிரின்சிபால் சிரிக்கவில்லை. நான் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது இரண்டாக உடைந்தது.

"அப்புறம் இந்த லாந்தர்." இந்த இடத்தில் ஸ்டீபன் ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழுக்கு வந்துவிட்டான். "இது பொய் மேடம். பச்சைப் பொய். மைன்ஸுக்குள்ள யாரும் லாந்தர் எடுத்துனு போக மாட்டாங்க. தலையில கேப் லேம்ப், இடுப்புல பேட்டரி. லேம்ப் ரூம்ல டோக்கன் குடுத்தா விளக்கு குடுப்பாங்க. எங்க தாத்தா இறங்கினவரு, எனக்குத் தெரியும். இவங்க தங்கவயல் பக்கமே வந்ததில்ல. யார் தாத்தாவையோ எடுத்துப் போட்டுக்கினு கதை விடறாங்க."

உடைந்த சாக்பீஸை மேசையில் வைத்தேன். அவன் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டு மேலே போனான்.

"இதுல எனக்கு என்ன கோபம்னா மேடம், நிஜமான அழுகை லேம்ப் ரூம்லதான் இருக்கு. ஷிஃப்ட் முடிஞ்சு எல்லா விளக்கும் கொக்கிக்குத் திரும்பி வரணும். ஒண்ணு வரலைன்னா அந்த ஆள் மேல வரலைன்னு அர்த்தம். பொண்டாட்டி புள்ளைங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடி விளக்கு குடுக்கற ஆளுக்குத்தான் முதல்ல தெரியும். எங்க தாத்தா சொல்வாரு, ஒரு நாள் பாறை வெடிச்சு இவங்க லேட்டா ஏறி வந்தப்ப, அந்த லேம்ப் ரூம்காரர் காலி கொக்கிங்களைப் பாத்துக்கினு சாப்பிடாம நின்னுட்டு இருந்தாராம். இவரு விளக்கைக் கழட்டிக் குடுத்ததும் அதை வாங்கி மார்ல அணைச்சுக்கிட்டாராம். இதை எழுதியிருந்தா நான் அழுதிருப்பேன். இவங்களுக்கு அது தெரியல. அதான் லாந்தர்."

எனக்குக் காது சூடாகி, கண் எரிந்தது. வேலை போகிறது என்று அல்ல. அந்த நிமிஷம் வேலை ஞாபகமே இல்லை. முப்பது வருஷம் அந்தக் கொக்கிகளுக்கு முன்னால் நின்ற ஒருவர் எங்கள் வீட்டில் இருந்தார், அவரை நான் தூக்கி எறிந்துவிட்டுக் கையில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கைக் கொடுத்துப் பாதாளத்துக்கு அனுப்பியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு வெட்கம் அதற்கு முன் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை.

மணி அடித்தது. நான்காவது குழு செல்போனைப் பற்றிச் சொல்ல நேரமில்லை. ஐந்தாவது குழுவும் என்னைத்தான் படித்திருந்தது, ஆனால் நல்ல வேளையாக நயனாவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்று கோபித்துக்கொண்டு போனது.

பிரின்சிபால் அறையில் என் பெரிய எழுத்துப் பிரதியும் பொடி எழுத்துப் பிரதியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நான் நின்றேன். அவர் முதலில் பொடி எழுத்தைத்தான் தொட்டார்.

"மேடம், இதுல குறுக்குக் கோடு எங்க?"

"போடல சார்."

"ஏன்?"

"மனசு வரல சார்."

அவர் மிகவும் வருந்தினார். "அஞ்சு தாள். ரெண்டு பக்கமும் போச்சு. இனிமே இதை எதுக்கும் உபயோகிக்க முடியாது" என்றார். லாந்தருக்கு வருவதற்கு முன் இந்தத் துக்கம் கொஞ்ச நேரம் நடந்தது. பிறகு கேட்டார்.

"அந்தப் பையன் சொன்னது நிஜமா?"

"நிஜம் சார். எங்க தாத்தா லேம்ப் ரூம்லதான் இருந்தாரு. கீழ இறங்கினதில்ல."

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். கோபமா சிரிப்பா என்று இன்றுவரை முடிவு செய்ய முடியவில்லை.

"எனக்கு இப்ப பேஜாராப் போச்சு, மேடம். இந்தக் கடுதாசியைப் பார்த்தா உங்களை கன்ஃபர்ம் பண்ணவே கூடாது. அந்த கிளாஸைப் பார்த்தா பண்ணாம இருக்க முடியாது. யாரு எழுதினதுன்னு தெரியாமலே நார் நாராக் கிழிச்சிட்டாங்க. கத்துக் குடுத்தது யாரு, நீங்கதானே." படிவத்தை மூடினார். "திங்கட்கிழமை வேற எழுதி எடுத்துட்டு வாங்க. வர்றதுக்கு முன்னாடி அந்த ஸ்டீபன்கிட்ட காட்டுங்க. அவன் பொய்யில்லைன்னு கையெழுத்துப் போட்டா நானும் போடறேன்."

வெளியே போகும்போது கூப்பிட்டார். "ஒரே ஒரு பிரதி போதும்."

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புரொபேஷன் தொங்கலில் இருப்பதைச் சொன்னபோதுகூட அவர் அவ்வளவாகக் கலங்கவில்லை. லாந்தரைச் சொன்னபோதுதான் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்கப்பாரு உள்ள இறங்கலன்றதுல உனக்கு இன்னா பாப்பா வெக்கம்?"

"வெக்கம் இல்லப்பா. அழ வைக்கலாம்னு..."

"அழ வைக்கத் தெரியாதவரா அவரு? நாலு விளக்கு வரலன்னா நாலு நாள் வீட்ல பேச மாட்டாரு. எங்கம்மா சோத்தைப் போட்டுட்டு அப்படியே குந்தினு இருக்கும். நீ இன்னாடான்னா லாந்தர்ன்ற."

அப்பா டம்ளரை மறுபடி எடுத்து ஒரு வாய் குடித்தார். அப்புறம் அவருக்கு உதடு துடித்தது. பத்தாயிரம் அடியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஆஸ்பத்திரி லிஃப்டுக்குள் காலை வைக்க மாட்டேன் என்று வாட்ச்மேனிடம் சண்டை போட்ட மனிதன் பத்தாயிரம் அடியா என்று மறுபடி கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர், புரையேறி, நான் முதுகைத் தட்டவேண்டியதாயிற்று.

அன்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மொத்தம் ஒன்பது வரி வந்தது. பேச்சுப் போட்டிக்கு ஒருவர் வந்த இடத்தில் இருவர் வந்தார்கள், மழை பெய்துகொண்டிருந்தது என்றும் எழுதிவிட்டேன். தாத்தா விளக்கு எடுத்துக் கொடுத்தார், திரும்ப எண்ணி வாங்கினார் என்று எழுதினேன். நானும் வகுப்பில் முப்பது பேரை எண்ணுகிறேன், வராதவர்கள் ஏன் வரவில்லை என்று விசாரிக்கிறேன் என்று முடித்தேன். அது மட்டும் முன்னும் உண்மைதான், எழுதத்தான் தோன்றவில்லை.

திங்கள் காலை கேண்டீன் வாசலில் ஸ்டீபனிடம் தாளை நீட்டினேன். படிக்கப் படிக்க அவன் முகம் வெளிறியது.

"மேடம், அப்ப அன்னிக்கு நாங்க படிச்சது..."

"என்னைத்தான்."

"பச்சைப் பொய்னு சொல்லிட்டேனே மேடம்."

"பச்சைப் பொய்தானே ஸ்டீபன்."

அவன் ஓடிப்போய்விடுவான் என்று நினைத்தேன். ஓடவில்லை. மறுபடி தாளைப் பார்த்தான். வாத்தியார் பிழைத்தால் போதும் என்ற பரிதாபம் ஒரு பக்கம், நான் கற்றுக்கொடுத்த பாடம் ஒரு பக்கம். பாடம் ஜெயித்தது.

"ஆள் ஓகே மேடம். ஆதாரம் ஓகே. அழுகை கரெக்டா இருக்கு. ஆனா விடியறதுக்கு முன்னாடி எந்திரிக்கறேன்னு இன்னும் இருக்கே?"

"ஏழு மணிக்கு" என்றேன்.

"அப்ப அதை அடிச்சிடுங்க மேடம்."

அடித்தேன். அந்த அடித்தலோடு, ஓரத்தில் ஸ்டீபனின் கையெழுத்தோடு, அதைப் பிரின்சிபாலிடம் கொடுத்தேன். மாதக் கடைசியில் நிரந்தர உத்தரவு வந்தது. பின்பக்கம் விளையாட்டு விழா நிகழ்ச்சி நிரல், பெரிய குறுக்குக் கோட்டுடன். அப்பா அதையும் ஃபிரேம் போட்டார். அன்றுதான் பால் பூத்தில், "இப்ப நிஜமாவே பர்மனென்ட்" என்று வாய் தவறிச் சொல்லி, அப்படியானால் இத்தனை நாள் என்ன என்று எல்லோரும் கேட்க, மொத்தக் கதையையும் சொல்லும்படி ஆகிவிட்டது.

அதோடு மானம் போனது போனதுதான். எங்கள் சொந்தத்தில் யார் எதைப் பெரிதுபடுத்தினாலும் அதற்கு லாந்தர் என்று பெயர். சம்பளத்தைக் கூட்டிச் சொல்லும் மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி அத்தை, "கொஞ்சம் லாந்தர் பார்ட்டி" என்பாள். காய்ச்சல் நூற்று நான்கு என்று நான் போனில் சொன்னால் என் தம்பி, "லாந்தரைக் கழிச்சா எவ்ளோக்கா?" என்பான். என் கல்யாணத்துக்கு ஸ்டீபன் ஒரு பெரிய பெட்டியோடு வந்தான். திறந்தால் சிவப்புப் பெயிண்ட் அடித்த லாந்தர். கூட ஒரு அட்டை. அதில் 'ஆதாரம்' என்று மட்டும் எழுதியிருந்தது. அப்பா அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் எல்லா போட்டோவிலும் நிற்கிறார்.

இப்போது அது எங்கள் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. சாப்பிடும்போது நான் ஏதாவது கதை சொல்ல வாயெடுத்தால், என் பத்து வயது மகள் எழுந்துபோய் அதை எடுத்துவந்து என் தட்டுக்கு எதிரில் வைத்துவிட்டு, "இப்ப சொல்லும்மா" என்பாள்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் முதலில் அவளிடம்தான் கொடுத்தேன். முழுவதும் படித்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"இதுல எத்தனை லாந்தர் இருக்கும்மா?"

"ரெண்டு" என்றேன்.

பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இதுவரை ஐந்து கண்டுபிடித்துவிட்டாள்.